இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே

டயாலிசிஸ் பிரிவுக்குள் வரும் நோயாளியை முதலில் எடை மெஷின் மேல்தான் ஏற்றுவோம். செருப்பைக் கழற்றி, சட்டைப்பையில் இருக்கும் போன், சாவி, சில்லறை எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு ஏறச் சொல்வோம். பி.பி. அதற்குப் பிறகு. எடை தெரியாமல் பி.பி.யைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது இந்த வேலைக்கு வந்த சில மாதங்களிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. போன தடவையைவிட ஒன்றரைக் கிலோ கூடி வந்தவருக்கு 170 என்று காட்டினால் அதற்கு ஒரு அர்த்தம். நாலரைக் கிலோ கூடியவருக்கு அதே 170க்கு வேறு அர்த்தம். எடையே கூடாமல் 170 என்றால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

நான் மெயின்லாண்டில் படித்துவிட்டு அந்தமானின் போர்ட் பிளேயருக்கு டயாலிசிஸ் டெக்னீஷியனாக வந்தவன். 2024 செப்டம்பரில் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள்; நோயாளிகள் பேச்சில் இன்னும் பழைய பெயர்தான். எங்கள் பிரிவில் ஒரு ஷிஃப்டில் படுத்திருப்பவர்களைப் பார்த்தாலே இந்தத் தீவுகளின் குடியேற்ற வரலாறு தெரிந்துவிடும். டிக்லிபூர் பக்கத்திலிருந்து வரும் வங்காளி அம்மா, ஜங்லிகாட்டின் தெலுங்கு மீனவர், பாம்பூ ஃப்ளாட்டின் மலையாளி, ராஞ்சி பக்கத்திலிருந்து காடு வெட்ட அழைத்து வரப்பட்டவர்களின் பேரன், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி கச்சால் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பத்துத் தமிழர், கார் நிக்கோபாரின் இளைஞர். பொதுமொழி இந்தி. பெரும்பாலானவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது சர்க்கரை அல்லது இரத்தக் கொதிப்பு. ஆனால் அவர்களை நாங்கள் இழப்பது பெரும்பாலும் சிறுநீரகத்தால் இல்லை. சிறுநீரகத்தின் வேலையை மெஷின் ஓரளவு பார்த்துக்கொள்கிறது. இழப்பது இதயத்தால். உலகம் முழுக்க இதுதான் நிலைமை: டயாலிசிஸ் நோயாளிகளின் மரணங்களில் காரணம் தெரிந்தவற்றில் ஏறக்குறைய பாதி இதயமும் இரத்தக் குழாயும் சம்பந்தப்பட்டவை.

சிறுநீர் வராத உடம்பில் குடித்தது அப்படியே தங்கும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. அந்த நீரில் ஒரு பகுதி இரத்தக் குழாய்க்குள் நிற்கும். மீதி திசுக்களில் பரவும், கணுக்காலில் இறங்கும், கடைசியில் நுரையீரலுக்குப் போகும். குழாய்க்குள் அளவு கூடக்கூட அழுத்தம் ஏறும். எனவே டயாலிசிஸ் நோயாளியின் பி.பி. ஒரே எண்ணாக நிற்பதில்லை. டயாலிசிஸ் முடிந்த சில மணி நேரத்தில் அது தாழ்ந்திருக்கும். அடுத்த நாள் மெல்ல ஏறும். அதற்கடுத்த நாள் இன்னும் ஏறும். மறுபடி எங்களிடம் வரும்போது உச்சியில் இருக்கும். நல்ல உடம்புக்காரருக்கு இரவு தூக்கத்தில் பி.பி. இறங்கும். இவர்களில் பலருக்கு அந்த இறக்கமும் கிடையாது. இதயத்துக்கு இரவிலும் ஓய்வில்லை. இப்படி மாதக்கணக்கில் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இடது கீழறையின் சுவர் தடித்துப்போகிறது. டயாலிசிஸ் தொடங்கும்போதே நாலில் மூன்று பேருக்கு இந்தத் தடிப்பு இருப்பதாகக் கனடாவில் 1990களில் செய்த ஆய்வு ஒன்று சொன்னது. தடித்த சுவர் விறைப்பாக இருக்கும். நீர் கூடினாலும் தாங்காது, குறைந்தாலும் தாங்காது. எங்கள் தொழிலின் கஷ்டம் முழுவதும் இதில் இருக்கிறது.

மனித உடம்பில் இரத்தம் ஏறக்குறைய ஐந்து லிட்டர். அதில் பிளாஸ்மா மூன்று லிட்டர்தான். நான்கு மணி நேரத்தில் நாங்கள் எடுக்கப்போவது மூன்று, சில நாள் நான்கு லிட்டர். மெஷின் இரத்தத்திலிருந்து உறிஞ்ச உறிஞ்ச, திசுக்களில் இருக்கும் நீர் குழாய்க்குள் வந்து நிரப்பிக்கொண்டே இருப்பதால்தான் இது முடிகிறது. அந்த நிரப்புதலுக்கு ஒரு வேகம் உண்டு. நாங்கள் எடுக்கும் வேகம் அதைத் தாண்டினால் பி.பி. விழும்.

அது பெரும்பாலும் மூன்றாவது மணி நேரத்தில் நடக்கும். மெஷின் கஃபைச் சுருக்கி விரித்து எண்ணைக் காட்டும்: 152, 140, 126. அலாரம் அடிக்க வைத்திருக்கும் எல்லைக்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் படுக்கையில் இருக்கும் பெரியவர் ஒரு கொட்டாவி விடுவார். இரண்டு நிமிடத்தில் இன்னொன்று. தூக்கம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி நினைப்பார். நாங்கள் அப்படி நினைக்கக் கூடாது. மூளைக்குப் போகும் இரத்தம் குறைவதை மெஷினுக்கு முன்னால் கொட்டாவி சொல்லிவிடும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் மேலுதட்டில் வியர்வை முத்து, காது மடல் வெளுத்திருக்கும். பேச்சுக் கொடுத்தால் பதில் ஒரு நொடி தாமதமாக வரும். உடனே நீர் எடுப்பதை நிறுத்துவோம், கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்திக் காலை உயர்த்துவோம், மறுபடி கஃபை ஓடவிடுவோம். 94. சேலைன் நூறோ இருநூறோ மில்லி. கால் கெண்டையைப் பிடித்து இழுத்தால் பாதத்தை நீட்டி நீவிவிடுவோம். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, "இப்ப சரியாயிருச்சு தம்பி" என்பார்.

அவருக்குச் சரியாகிவிட்டது. இதயத்துக்குச் சரியாகிவிட்டதா என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் டெர்பி நகரத்து கிறிஸ்டோபர் மெக்கின்டயர் குழு பதில் தேடியது. டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். பி.பி. விழும்போது இதயச் சுவரின் சில பகுதிகள் சுருங்காமல் மரத்துப்போய் நின்றன. இதயத்தின் பெரிய இரத்தக் குழாயில் அடைப்பு இல்லாதவர்களுக்கும் இது நேர்ந்தது. பெரும்பாலும் அந்தப் பகுதிகள் பிறகு மீண்டுவிடும். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஆண்டுக்கணக்கில் இப்படி மரத்து மீண்டால், மீளாத இடங்கள் சேர்ந்துகொண்டே வரும் என்று 2009இல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது. அதைப் பற்றி எங்கள் மருத்துவர் வகுப்பெடுத்த நாளிலிருந்து 94 என்ற எண்ணை என்னால் சாதாரணமாக எழுதி வைக்க முடிவதில்லை. டயாலிசிஸ் திரவத்தின் சூட்டைக் குறைத்தால் பி.பி. விழுவது குறையும் என்பதால் அதைப் பலரும் செய்தார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 84 மையங்களில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் பெரிய சோதனையே நடத்தினார்கள். 2022இல் வந்த முடிவு: சூட்டைக் குறைத்ததால் இதயநோயோ அதனால் வரும் மரணமோ குறையவில்லை, குளிருகிறது என்ற புகார்தான் கூடியது. அடிக்கடி பி.பி. விழும் சிலருக்கு எங்கள் மருத்துவர் இன்னும் அரை டிகிரி குறைக்கச் சொல்வார், போர்வையும் கொடுப்போம். ஆனால் அது தீர்வு என்று யாரும் நம்பவில்லை.

தீர்வு நேரத்தில் இருக்கிறது. மணிக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 13 மில்லிக்கு மேல் நீர் எடுக்கப்பட்டவர்களிடம் மரணம் கூடுதலாக இருந்தது என்று 2011இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவர், நாலு கிலோ கூடி வந்திருக்கிறார். நாலு மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு ஒரு லிட்டர். கிலோவுக்கு 16 மில்லியைத் தாண்டுகிறது. 13க்குள் நிற்க வேண்டுமானால் ஐந்து மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே அவர் படுத்திருக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம்தான் இந்தத் தீவில் கிடைப்பதில்லை. அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வெளியே பெஞ்சில் காத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் கூட்டினால் 30 லிட்டர் டயாலிசிஸ் திரவம் கூடுதலாக வேண்டும், அதைத் தயாரிக்க ஆர்.ஓ. பிளான்ட்டுக்கு அதைவிட அதிகமாகத் தண்ணீர் வேண்டும். தானிகாரி அணையில் நீர் இறங்கிவிடும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்த ஊரில் வீட்டுக் குழாயிலேயே தினமும் தண்ணீர் வராது. இவை ஒருபுறம். மறுபுறம் நோயாளியின் அவசரம். வடக்கே ராங்கட் போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் போகிறது. ஜிர்காட்டாங்கில் வண்டிகளை நிறுத்தி, குறித்த நேரத்தில், போலீஸ் காவலோடு கான்வாயாகத்தான் விடுவார்கள். கடைசி கான்வாயை விட்டால் மறுநாள்தான். அதற்கப்பால் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியோடு படகேற வேண்டும். மறுகரையில் இருக்கும் பராடாங்கிலிருந்து வந்த ஒருவர் ஊசியை ஏற்றும்போதே கேட்பார்: "பாய், மூன்றரை மணியில் முடித்துவிட முடியுமா?" அவருக்கு மூன்றரை மணியில் முடிப்பதென்றால் வேகத்தைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் நீரை மிச்சம் வைக்க வேண்டும். முதலாவது இன்று பி.பி.யை விழவைக்கும். இரண்டாவது நாளை மறுநாள் ஏற்றும். இதை நான் அவருக்கு இந்தியில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கடைசியில் கேட்டது என் பேச்சை இல்லை, அவருடைய மகளின் பேச்சை. இப்போது டயாலிசிஸ் நாளன்று இரவு கராச்சார்மாவில் ஒரு உறவினர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலைக் கான்வாயில் போகிறார். ஐந்து மணி நேரம் படுத்திருக்கிறார். மூன்றாவது மணியில் அவர் படுக்கைப் பக்கம் ஓட வேண்டிய அவசியம் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது.

பி.பி.க்கும் நீருக்கும் உள்ள இந்தச் சம்பந்தம் டயாலிசிஸ் அளவுக்கே பழையது. 1960 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், கிளைட் ஷீல்ட்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளியின் கையில் டெஃப்லான் குழாய் ஒன்றைப் பொருத்தி, தொடர் டயாலிசிஸைத் தொடங்கி வைத்தார். அதற்கு முன் டயாலிசிஸ் என்பது சில நாள் வைத்தியம். ஷீல்ட்ஸின் பி.பி. கட்டுக்கடங்காமல் இருந்தது. அன்று இருந்த மருந்துகள் கொடூரமானவை. உப்பைக் குறைத்து, தேங்கிய நீரை எடுத்து எடுத்து அவர் எடையை இறக்கினார்கள், பி.பி. கட்டுக்குள் வந்தது. தேங்கிய நீர் இல்லாத உலர் எடையை, எங்கள் பேச்சில் டிரை வெயிட்டை, நோக்கிப் போனால் மருந்தில்லாமலே அழுத்தம் இறங்கும் என்ற பாடம் முதல் நோயாளியிடமே கிடைத்துவிட்டது. ஷீல்ட்ஸ் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார். 1971இல் மாரடைப்பில் இறந்தார்.

பிரான்சில் லியோன் நகருக்குப் பக்கத்தில் தாஸ்ஸான் என்ற ஊர். அங்கே வாரம் மூன்று தடவை, எட்டெட்டு மணி நேரம், மெதுவாக டயாலிசிஸ் செய்தார்கள், உப்பையும் கட்டுப்படுத்தினார்கள். அங்கிருந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், நீண்ட நாள் வாழவும் செய்தார்கள். நான் இந்த ஊரைப் பார்த்ததில்லை, பார்க்கவும் போவதில்லை. ஆனால் பத்துப் பதினொரு பி.பி. மாத்திரைகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்து வரும் நோயாளியைப் பார்க்கும்போது இந்த ஊர் நினைவுக்கு வரும். எட்டு மணி நேரம் நம்மால் கொடுக்க முடியாது. சரி, எடையை மட்டும் கொஞ்சம் இறக்கிப் பார்ப்போம் என்று இண்டியானாபொலிஸில் ராஜீவ் அகர்வால் குழு 150 நோயாளிகளை வைத்துச் சோதித்தது. மருந்தையும் நேரத்தையும் கூட்டாமல், டிரை வெயிட்டை மட்டும் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். எட்டு வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்தது. வீட்டில் இருக்கும் நேரத்துச் சராசரி மேல் அழுத்தம், எடை குறைக்காதவர்களைவிட ஆறேழு புள்ளி கூடுதலாக இறங்கியது. 2009இல் வந்த ஆய்வு அது. ஒரு மாத்திரை செய்யும் வேலையை ஒரு கிலோ செய்கிறது.

ஆனால் டிரை வெயிட் என்பது சார்ட்டில் ஒரு தடவை எழுதிவிட்டு மறந்துவிடும் எண் கிடையாது. சதை கூடும், குறையும். காய்ச்சலில் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவருக்குச் சதை இரண்டு கிலோ குறைந்திருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்திருக்கும். எடை மெஷினில் அதே எண். நாங்களும் அதே எண்ணுக்கு இறக்கி அனுப்புவோம். பி.பி. மட்டும் காரணமில்லாமல் ஏறிக்கொண்டு போகும். ஹாடோவிலிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற மாலுமிக்கு இப்படித்தான் நடந்தது. இன்னொரு விசித்திரமும் சேர்ந்துகொண்டது: டயாலிசிஸ் தொடங்கும்போது 150, முடியும்போது 180. நீரை எடுக்க எடுக்க ஏறியது. மாத்திரை கூட்டப்பட்டது, பயனில்லை. ஒருநாள் அவர் கையை நீட்டியபோது கைக்கடிகாரம் முழங்கைப் பக்கம் சரிந்து ஓடியது. வார்ப்பட்டையில் புதிதாக ஒரு துளை போட்டிருந்தார். சிஸ்டரிடம் காட்டினேன், சிஸ்டர் மருத்துவரிடம் சொன்னார். அடுத்த சில வாரங்களில், ஒவ்வொரு தடவையும் இருநூறு, முந்நூறு கிராம் கூடுதலாக எடுத்து, டிரை வெயிட்டை இரண்டு கிலோவுக்கு மேல் இறக்கினோம். முடியும்போது ஏறும் அந்த வழக்கம் நின்றது. நீர் மிச்சம் இருக்கும் உடம்பில் பி.பி. இப்படி எதிர்த்திசையில் போவதுண்டு என்று மருத்துவர் விளக்கினார். அதன் பிறகு நான் நோயாளிகளின் சட்டைக் காலர், இடுப்பு பெல்ட், மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கவனிக்கிறேன். எடை மெஷின் சதையையும் தண்ணீரையும் பிரித்துச் சொல்லாது. துணியும் நகையும் ஓரளவு சொல்லிவிடும்.

எங்கள் தீவுக்கே உரிய பிரச்சினை கப்பல். சென்னையிலிருந்து போர்ட் பிளேயர் ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலில் அறுபது மணி நேரம், கடல் முரண்டு பிடித்தால் அதற்கு மேல். சீசனில் விமான டிக்கெட் விலை குடும்பத்தோடு போகிறவர்களால் கொடுக்க முடியாத அளவுக்குப் போய்விடும். கப்பலில் பங்க் கிளாஸ் மலிவு. பாம்பூ ஃப்ளாட்டில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் மகள் கல்யாணத்துக்காகச் சென்னை போனார். போனது விமானத்தில். திரும்பும்போது சாமான்களோடு கப்பல். சென்னையில் டயாலிசிஸ் முடித்த மறுநாள் கப்பல் என்பது திட்டம். வானிலை சரியில்லை என்று புறப்பாடு தள்ளிப்போனது. ஹாடோ துறைமுகத்தில் இறங்கியபோது கடைசி டயாலிசிஸ் முடிந்து ஐந்து நாள் தாண்டியிருந்தது.

ஜெட்டியிலிருந்து நேரே ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். படுக்க முடியவில்லை. நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் சொன்னார். பி.பி. 220க்கு 120. எடை பார்க்க நிற்க வைக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஆறு கிலோ கூடியிருந்தது. ஆக்சிஜன் போட்டோம். மருத்துவர் முதலில் கேட்டது ஈ.சி.ஜி. பொட்டாசியம் ஏறியிருந்தால் அலைகள் கூர்மையாக நிமிர்ந்து நிற்கும். நின்றன. உட்கார்ந்தபடியே மெஷினில் இணைத்தோம். ஆறு கிலோவையும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று குடும்பம் கெஞ்சியது. அந்த அவசரத்துக்கு இடம் கொடுத்திருந்தால் தடித்த அந்த இதயம் தாங்கியிருக்காது. முதல் நாள் மூன்று லிட்டர். இரண்டாவது மணியிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டார். மறுநாள் மறுபடி ஏற்றி மிச்சத்தை எடுத்தோம். வீட்டுக்குப் போகும்போது பி.பி. 148. ஒரு மாத்திரைகூட புதிதாகச் சேர்க்கவில்லை.

"தண்ணி அளந்துதான் குடிச்சேன் தம்பி" என்று சத்தியம் செய்தார். பொய் சொல்லியிருக்க மாட்டார். கப்பல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று மனைவி கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். புளிச்சோறு, எலுமிச்சை ஊறுகாய், வறுத்த கருவாடு. நாலு நாள் கெடாமல் இருக்க உப்பும் புளியும் தூக்கலாகப் போட்டிருக்கிறார். சேலைன் பாட்டிலைக் காட்டி அந்த அம்மாவுக்கு விளக்கினேன். ஒரு லிட்டர் சேலைனில் ஒன்பது கிராம் உப்பு. உடம்பும் அந்தக் கணக்கில்தான் வைத்துக்கொள்ளும். ஒன்பது கிராம் உப்பு உள்ளே போனால் ஒரு லிட்டர் தண்ணீரைத் தாகமாகக் கேட்டு வாங்கிவிடும். தண்ணீரை அளந்து குடி என்று உப்பைச் சொல்லாமல் சொல்வது நோயாளியைத் தண்டிப்பது. பி.பி. விழும்போது நாங்கள் ஏற்றும் இருநூறு மில்லி சேலைனிலும் ஏறக்குறைய இரண்டு கிராம் உப்பு இருக்கிறது. அன்று மாலை அதுவும் தாகமாகத் திரும்பி வரும்.

இப்போது மெயின்லாண்ட் போகிறேன் என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒரு தாள் எழுதிக் கொடுக்கிறோம்: டிரை வெயிட், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் அளவு, ஊசி ஏற்றும் ஃபிஸ்டுலா எந்தக் கையில், கடைசி இரத்தப் பரிசோதனை முடிவுகள். அங்கே டயாலிசிஸ் இடம் உறுதியான பிறகு டிக்கெட் எடுக்கச் சொல்கிறோம். திரும்பும் வழி விமானம் என்றால் நல்லது. கப்பல்தான் என்றால், கப்பல் நாள் தள்ளிப்போனால் ஏறுவதற்கு முன் இன்னொரு டயாலிசிஸ் செய்துகொண்டே ஏற வேண்டும்.

இடைவெளி எவ்வளவு ஆபத்து என்பதற்குப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் செய்யும் 32,000க்கும் மேற்பட்டவர்களை ராபர்ட் ஃபோலி குழு ஆராய்ந்தது. 2011இல் வெளியானது. வாரக் கடைசியில் வரும் இரண்டு நாள் இடைவெளிக்கு மறுநாள், மரணம் நூறு பேருக்கு ஆண்டுக்கு 22.1 என்ற விகிதத்தில் இருந்தது. மற்ற நாட்களில் 18. மாரடைப்பும் பக்கவாதமும் அந்த நாளில் கூடின. அங்கே கவலைப்படுவது ஒரே ஒரு கூடுதல் நாளைப் பற்றி. நம் நாட்டில் பெரும்பாலோர் செய்துகொள்வது வாரத்துக்கு இரண்டு தடவை. திங்கள், வியாழன் என்றால் வாரத்தில் ஒரு தடவை மூன்று நாள் இடைவெளி நிச்சயம். 2016இல் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரியின் தேசிய டயாலிசிஸ் திட்டம் பலரைக் கடனிலிருந்து காத்திருக்கிறது. ஆனால் மெஷின் இலவசமானாலும் கடலைக் கடந்து அதனிடம் வர வேண்டும். 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஹாவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொள்ள, கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டன. அவர்கள் செய்தியானார்கள். கடல் மூடும் நாட்களில் தீவுகளில் இருக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கு மூன்று நாள் ஐந்து நாளாகிவிடுவது செய்தியில் வராது. அதனால்தான் வெளித்தீவுக்காரர்களில் பலர் ஊரைவிட்டு வந்து போர்ட் பிளேயரில் வாடகை அறை எடுத்துத் தங்கிவிடுகிறார்கள்.

பி.பி. குறைந்தால் சந்தோஷப்படுவது இயல்பு. நாங்கள் தீதி என்று கூப்பிட்ட டிக்லிபூர் வங்காளி அம்மாவுக்கு ஒரு ஆண்டு முழுக்க 160, 170. பிறகு மெல்ல இறங்கி, மாத்திரை எல்லாம் நிறுத்தியும் 105இல் நின்றது. காளி கோயிலில் பிரசாதம் வாங்கி வந்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. நோயாளி மாறவில்லை, உணவு மாறவில்லை, டிரை வெயிட் மாறவில்லை. அப்படியானால் மாறியது எது? எக்கோ எடுத்தார்கள். இதயம் பம்ப் செய்யும் திறன் பாதியாகக் குறைந்திருந்தது. அழுத்தத்தை உண்டாக்கும் பலமே இதயத்துக்குப் போய்விட்டது. டயாலிசிஸ் நோயாளிகளில் மிக அதிக பி.பி. உள்ளவர்களைவிடக் குறைந்த பி.பி. உள்ளவர்கள் சீக்கிரம் இறப்பதைப் பல ஆய்வுகள் கண்டு குழம்பியிருக்கின்றன. குறைந்த எண் கொல்வதில்லை; ஏற்கெனவே ஓய்ந்துபோன இதயத்தின் அடையாளம் அது. மருத்துவர் தீதியின் மருந்தை மாற்றினார், நீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்து வாரம் மூன்று முறையாக்கினார். இரண்டு வருடம் எங்களோடு இருந்தார்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் தமிழ்க் குடும்பங்களில் தவறாமல் வரும் பதில்: "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே." கருவாடு இல்லாத மழைக்காலத்தை இங்கே யாரும் கற்பனை செய்ய மாட்டார்கள். முற்றாக நிறுத்து என்று நான் சொல்வதில்லை. சொன்னால் மறைத்துச் சாப்பிடுவார்கள். கருவாடு சமைக்கும் நாளில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் மூன்றும் வேண்டாம், குழம்பில் தனியாக உப்புப் போட வேண்டாம் என்று பேரம் பேசுவேன். ஆனால் இரண்டு விஷயத்தில் பேரமே கிடையாது. ஒன்று, இந்துப்பு நல்லது என்று வாங்கி வருவது. அதுவும் பெரும்பாலும் அதே சோடியம்தான். அதைவிட மோசம், சோடியம் குறைந்தது என்று கடையில் விற்கும் உப்பு. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கலாம், டயாலிசிஸ் நோயாளியின் இதயத்தை அது நிறுத்திவிடும். இரண்டாவது இளநீர். வீட்டு வாசலிலேயே தென்னை நிற்கும் ஊர் இது. விருந்தாளிக்கு முதலில் வெட்டிக் கொடுப்பதே இளநீர்தான். ஒரு இளநீரில் ஒரு டம்ளர் தண்ணீரும் ஏராளமான பொட்டாசியமும் இருக்கின்றன. நீண்ட இடைவெளியின் கடைசி நாளில் குடித்த இளநீர் ஈ.சி.ஜி.யில் தெரியும். கார் நிக்கோபார் இளைஞரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

எங்கள் பிரிவில் எடுக்கும் பி.பி. வாரத்தில் இரண்டு நாளின் உச்சியையும் அடியையும் மட்டும் காட்டும். நடுவில் நடப்பதுதான் இதயத்தைத் தடிக்க வைக்கிறது. ஆகவே இப்போது எல்லோருக்கும் ஒரு நோட்டு. ஃபிஸ்டுலா இல்லாத கையில், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, டீ குடிப்பதற்கு முன், காலையிலும் இரவிலும் இரண்டு தடவை எடுத்து எழுத வேண்டும். பக்கத்தில் அன்றைய எடை. டெலானிப்பூரில் ஒரே வாடகை வீட்டில் தங்கியிருக்கும் நாலு நோயாளிகள் சேர்ந்து ஒரு டிஜிட்டல் பி.பி. மெஷின் வாங்கியிருக்கிறார்கள், முறை வைத்து எடுக்கிறார்கள், ஒருவர் எண்ணை இன்னொருவர் எழுதுகிறார். யார் கருவாடு சாப்பிட்டார்கள் என்பது மறுநாள் காலை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

போன பொங்கலுக்கு லிட்டில் அந்தமானின் ஹட் பே போன ஒருவரின் மனைவி மூன்றாம் நாள் காலையில் போன் செய்தார். "தம்பி, முந்தாநாள் 142, நேத்து 158, இன்னிக்கு 172. எடை ரெண்டேகால் ஏறிருக்கு. கப்பல் நாளைக்குத்தான்னு சொல்றாங்க." மூச்சு எப்படி இருக்கிறது, ராத்திரி படுத்துத் தூங்கினாரா, தலையணை எத்தனை வைத்தார் என்று கேட்டேன். ஒரே தலையணைதான், தூங்கினார் என்றார். மருத்துவரிடம் எண்களைச் சொன்னேன். இன்று முழுக்க உப்பில்லாத கஞ்சி, மூச்சு முட்டினால் காத்திருக்காமல் அங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், நாளை கப்பல் எந்த நேரம் சேர்ந்தாலும் நேரே இங்கே வரட்டும் என்றார். மறுநாள் மதிய ஷிஃப்டில் அவருக்காக ஒரு மெஷினை ஒதுக்கி, ஐந்து மணி நேரம் என்று பலகையில் எழுதி வைத்தேன்.